பதினெட்டுப் பீப்பாய்க் கடல்

பதினாறு மீனும் செத்து மிதந்த காலையில், அதற்குக் காரணம் என் கைதான் என்று பொருட்காட்சிக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பர் தீர்ப்புச் சொன்னார். மீனைப் பார்த்துச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தும் சொல்லவில்லை. என் வெள்ளைச் சேலையைப் பார்த்துச் சொன்னார்.

"தாலி அறுத்த கையி சமுத்திரத் தண்ணியில பட்டா வேற என்ன ஆகும்? மாசி மாசத்துல கடல்னா அது தீர்த்தம்" என்றார் பக்கத்தில் நின்ற ஓவர்சியர் பச்சியப்பனிடம். ஓவர்சியர் தலையை ஆட்டினார். அவருக்கு ஆட்டத்தான் தெரியும்.

நான் ஜானகியம்மாள், அரூர் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. எனக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் போனார். அதன் பிறகு அண்ணன் வீட்டுக் கொல்லைப்புற அறையில் நான்கு வருஷம் கிடந்து, அண்ணியின் ஏச்சுக்கு நடுவே பாடம் படித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்த அறையில் நான்கு வருஷம் இருந்து பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

அது 1937ஆம் வருஷத்து மாசி. மாசி மகத்துக்குத் தீர்த்தமலை போகிற கூட்டம் திரும்பும் வழியில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அரூர் சந்தை மைதானத்தில் விவசாயப் பொருட்காட்சி ஏற்பாடாகியிருந்தது. உரமும் விதையும் கலப்பையும் வைத்தால் யார் வருவார்கள்? அதனால் கிருஷ்ணப்பர் மதராசிலிருந்து கடலையே வரவழைத்தார். பதினெட்டு மரப்பீப்பாய்களில் கடல் தண்ணீர் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, மாட்டுவண்டியில் அரூர் வந்து சேர்ந்தது. கூடவே இருபத்தோரு உயிர்கள். மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட மீன்களும், சங்குக்குள் குடியிருக்கிற இரண்டு நண்டுகளும். எங்கள் ஊரில் கடலை நேரில் பார்த்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் பார்த்ததில்லை.

கொண்டுவந்த மதராஸ்காரர் ஒரு நாள் தங்கி, இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இரை கொஞ்சமாகப் போட வேண்டும், வெயில் ஆகாது என்று அதில் இருந்தது. தொட்டியில் நெரிசல் கூடாது என்பதற்காக மூன்று மீனையும் இரண்டு நண்டையும் ஒரு பீப்பாயிலேயே விட்டு வைக்கச் சொன்னார். சீட்டைப் படிக்க ஒரு ஆள் வேண்டும், பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு பெண்ணும் வேண்டும். இரண்டையும் என் தலையில் கட்டினார்கள். சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்பதால் அன்றைக்கு என் வெள்ளைச் சேலை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

குழாய் போட்டவர் ஓவர்சியர். மேலே ஒரு தொட்டி, நடுவில் கண்ணாடித் தொட்டி, கீழே மணலும் அடுப்புக்கரியும் போட்ட இன்னொரு தொட்டி. மேலிருந்து தண்ணீர் கண்ணாடிக்குள் விழும். நிறைந்தது கீழே இறங்கி மணலில் வடியும். வடிந்ததைக் கைப்பம்பால் அடித்து மறுபடி மேலே ஏற்றுவார்கள். யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் வருகிற வாயையும் போகிற வாயையும் ஒரே மூலையில் வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்த அன்று நான் ஒரு பிடி உமியைத் தூவினேன். குழாய்ப் பக்கத்து உமி சுழன்று சுழன்று வெளியே போனது. எதிர் மூலையில் கிடந்த உமி அசையவே இல்லை.

"அந்த மூலையில தண்ணி தூங்குதுங்க" என்றேன்.

"மீனுக்கும் தூங்க எடம் வேணுமில்லீங்க" என்று ஓவர்சியர் சிரித்தார். குழாய், திருகு, பம்பு எல்லாமே புதுப் பித்தளை. சீயக்காய் போட்டுத் துலக்கி, கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று வைத்திருந்தார். பம்பு அடிப்பது நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் விட்ட முதல் நாளே பம்பு அடிக்கிறவர் சாப்பிடப் போனார், கீழ்த்தொட்டி வழிந்து அரைப் பீப்பாய் கடல் சந்தை மண்ணுக்குள் இறங்கியது. இரண்டாம் நாள் விடிந்தபோது மீன்கள் மிதந்தன.

தலைவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் வழியை மறித்தேன்.

"தலைவரே, ஒரு நிமிசங்க. அந்தப் பீப்பாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போங்க."

"என்னாத்துக்குங்க?"

"அதுல அஞ்சு உயிரு இருக்குது. அஞ்சும் நல்லா இருக்குது. அதே மதராஸ் தண்ணி. ரெண்டு நாளா அதுக்கும் எரை போட்டது இதே கையிதானுங்க. தீட்டு தொட்டிக்கு மட்டும் வருமா, பீப்பாய்க்கு வராதா?"

கமிட்டிக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து, "ஆமாங்க, ஓடுது" என்றார். தலைவர் முகம் கறுத்துவிட்டது. ஆண்கள் முன்னால் ஒரு முண்டச்சி கணக்குக் கேட்டுவிட்டாள் என்றால் சும்மா விடுவாரா?

"சரி. மகத்துக்கு ஆறு நாளு இருக்குது. தொட்டிய நீயே பாத்துக்க. தெறப்பு அன்னிக்கி அஞ்சும் உசுரோட இருந்தா நான் பேசல. ஒண்ணு செத்தாலும் ஜில்லா போர்டுக்கு எழுதிடுவேன். இந்தக் கையி எங்க ஊருப் புள்ளைங்க சிலேட்டத் தொடக் கூடாது. அண்ணன் வூட்டுக்குப் போயிரு."

அதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர் அந்த நிமிஷத்தில் அதையும் பிடுங்கிக்கொண்டார். அந்தக் கொல்லைப்புற அறையின் புகைபிடித்த சுவர் கண் முன்னால் வந்தது. செத்தாலும் அங்கே திரும்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களே" என்றேன் கமிட்டிக்காரர்களிடம்.

அவர்கள் போனதும் குழாயைக் கழற்றினேன். வெளியே பளபளப்பு, உள்ளே பச்சை. உப்புத் தண்ணீர் பட்டு இரண்டே நாளில் கனமாகக் களிம்பு ஏறியிருந்தது. மீனைக் கொன்ற விஷம் அதுதான். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. உப்பு போட்ட எலுமிச்சங்காயை எந்தப் பெண்ணாவது பித்தளையில் போட்டு வைப்பாளா? ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் குமட்டிக்கொண்டு வரும் என்று தெரியாத அடுப்படி உண்டா? இங்கிலீஷ் சீட்டைப் பத்துத் தடவை படித்தவள், அடுப்படியில் தெரிந்ததை யோசிக்காமல் போனேன். பதினாறு மீனுக்கும் அந்த வகையில் நான் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிருஷ்ணப்பருக்கு அல்ல.

பித்தளை இல்லாமல் குழாய்க்கு எங்கே போவது? பக்கத்துக் கொட்டகையில் சித்தேரி மலையிலிருந்து தேனும் மெழுகும் கடுக்காயும் கொண்டுவந்து வைத்திருந்தார் மாயவன். ஐம்பது வயதிருக்கும். நான் குழாயை ஆராய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "எங்க மலையில ஊத்துத் தண்ணிய அரை மைலு மூங்கில்லதான் கொண்டாருவோம், வாத்தியாரம்மா" என்றார்.

"உள்ள கணு இருக்குமே அண்ணா?"

"காச்சின கம்பிய உட்டுக் குத்துனா கணு போயிரும். மூட்டுக்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி ஊத்துனா ஒரு சொட்டு ஒழுகாது."

அன்று மத்தியானமே வண்டியில் மூங்கில் வந்தது. பச்சை மூங்கிலின் சாறு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று உப்பு கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போட்டோம். நான் கரும்பலகையில் தண்ணீர் போகும் வழியை வரைந்தேன். மாயவன் அதைப் பார்த்து, எனக்குத் தெரியாததைச் சொன்னார். இடது ஓரத்தில் தண்ணீர் விழ வேண்டும். மூங்கில் வாயைச் சாய்வாகச் சீவி ஒரு முழ உயரத்திலிருந்து விழ விட்டால், காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நுரைத்து இறங்கும். மீனுக்கு மூச்சு அதுதான். வலது ஓரத்தில் வெளியேற வேண்டும். அங்கே ஒரு மூங்கிலை நட்டமாக நிறுத்தினோம். அதன் தலைமட்டம்தான் தொட்டித் தண்ணீரின் மட்டம். அதற்கு மேலே ஏறுகிற தண்ணீர் அதற்குள் விழுந்து கீழே போய்விடும். ஆனால் அப்படி விட்டால் மேல்தண்ணீர் மட்டுமே போகும், அடியில் அழுக்கு தங்கும். அதனால் அதைச் சுற்றி இன்னொரு பெரிய மூங்கிலைச் சட்டை மாதிரி மாட்டி, அதன் அடியில் வெட்டு விட்டோம். இப்போது அடித்தண்ணீர் அந்த வெட்டு வழியாக ஏறித்தான் வெளியே போக முடியும்.

பம்பும் பித்தளை, அது ஆகாது. தண்ணீரை மேலே இறைக்க மாயவன் ஆளுயரத்துக்கு ஒரு சின்ன ஏத்தம் நட்டு, மண்குடத்தைக் கட்டினார். ஏத்தம் நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் முழுக்கக் கீழே வந்துவிடும் என்பதால், அதற்கு இடம் விட்டுக் கீழ்த்தொட்டியில் ஒரு கோடு போட்டேன். அதற்கு மேல் நிரப்பக் கூடாது. பதினெட்டில் பத்துப் பீப்பாய் முதலிலேயே செலவாகியிருந்தது. மிச்சமிருந்த எட்டில் ஏழு பீப்பாயை ஊற்றினோம். ஒன்றை அவசரத்துக்கு மூடி வைத்தேன். விஷமாகிப் போன பழைய தண்ணீரை வெளியே, சந்தை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற மாட்டுக்காடியில் கொட்டி வைத்திருந்தோம். உமியைத் தூவிப் பார்த்தபோது ஒரு மூலை விடாமல் எல்லா உமியும் நகர்ந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஐந்து உயிரையும் அதில் விட்டேன். நண்டு சங்கோடு நடந்துபோய் மூங்கிலை மோந்து பார்த்தது.

ஐந்தாம் நாள் ஓவர்சியர் ஒரு மூட்டை கல்லுப்போடு வந்தார்.

"மட்டம் எறங்கிருச்சு பாருங்க. கடல் கொறைஞ்சா உப்பு போட்டுத் தண்ணி ஊத்தணும்."

"கொழம்பு சுண்டிப் போனா உங்க வூட்டுல உப்பா போடுவாங்க?" என்று கேட்டேன். "தண்ணிதான் ஆவியாப் போகுது, உப்பு எங்கயும் போகல. நல்ல தண்ணி ஊத்துனாப் போதும்." மூட்டையை அவர் தலையிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன்.

திறப்புக்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு நண்டு சங்கை விட்டு வெளியே சரிந்து கிடந்தது. காலைத் தொட்டால் மெல்ல ஆட்டியது, அவ்வளவுதான். மீன்கள் மூன்றும் நுரை விழும் இடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. குழாயில் ஒன்றுமில்லை, மெழுகு அப்படியே இருந்தது. கண்ணாடித் தொட்டியின் அடியில் பரப்பியிருந்த மணலைக் கையால் துழாவினேன். ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் செப்புக் காலணா. இன்னும் துழாவத் துழாவ வந்துகொண்டே இருந்தது. பதினோரு காசு.

ஏத்தம் இறைத்தவர்கள், கொட்டகை கட்டினவர்கள், வண்டிக்காரர்கள். ஒகேனக்கல்லில் காவேரியைக் கண்டால் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசு போடுகிறவர்கள், சமுத்திரத்தைக் கண்டால் சும்மா போவார்களா? நான் நண்டை எடுத்து மூடி வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரில் விட்டுக்கொண்டே சத்தம் போட்டேன். யார் போட்டது என்று கேட்டபோது மாயவன் தலையைக் குனிந்தார்.

"அதுல ஒண்ணு என்னுது, வாத்தியாரம்மா. செத்துப் போனாளே காளி, எம் பொஞ்சாதி, அவ பேரச் சொல்லிப் போட்டன். காவேரிக்குப் போட்டம், சமுத்திரத்துக்குப் போடாம உட்டா அவ கேப்பாளே."

"பித்தளையக் கழட்டிட்டு மூங்கிலு வெச்சதே நீதான அண்ணா. செம்பு மட்டும் என்ன பண்ணும்னு நெனச்ச?"

"கொழாயிதான் ஆவாதுன்னு நெனச்சன். காசு சாமிக்குன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு இருந்துட்டன்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. இத்தனை நாள் என்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டவர், தன் வேலையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டு நின்றார். ஆனால் உள்ளே பயம் கிளம்பிவிட்டது. நாளைக்குத் தீர்த்தமலையிலிருந்து வரப் போகிற ஆயிரம் பேர் கையிலும் காசு இருக்கும். ஆயிரம் பேரையும் நான் எப்படித் தடுப்பேன்? தடுப்பதும் நியாயமா? புருஷன் பேரையோ பிள்ளை பேரையோ சொல்லிக் காசு போட வருகிறவளிடம் களிம்பைப் பற்றிப் பாடம் நடத்த முடியுமா?

மாயவன்தான் மெல்லச் சொன்னார். "எங்க மலையில சாமிக்கு ஒரு மூங்கிலு, குடிக்கிறதுக்கு ஒரு மூங்கிலு. ஊத்து ஒண்ணுதான், வழி வேற."

மாட்டுக்காடியில் ஏறக்குறைய பத்துப் பீப்பாய் கெட்ட கடல் சும்மா கிடந்ததே. அதைக் கொட்டகை வாசலில் ஒரு கல்தொட்டிக்குத் திருப்பினோம். தனி மூங்கில். அதிலிருந்து ஒரு சொட்டு கூடக் கண்ணாடித் தொட்டிக்குத் திரும்பாது. 'சமுத்திரத் தண்ணீர், காசு இதில் போடவும்' என்று பலகையில் எழுதி வைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக மாயவன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கண்ணாடித் தொட்டியின் மேல் முழுக்கப் பலகை போட்டு, இரை போட ஒரு கை நுழையும் ஓட்டை மட்டும் விட்டேன். தொட்டியில் பாதித் தண்ணீரை மாட்டுக்காடிக்குத் தள்ளிவிட்டுப் பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி, மட்டம் குறைந்ததற்கு ஏற்ப, நட்டமாக நின்ற மூங்கிலின் தலையையும் சீவினோம். நண்டையும் தொட்டியில் திரும்ப விட்டேன், சாயங்காலம் அது சங்குக்குள் ஏறிக்கொண்டது. அதற்கு நான் கும்பிடு போட்டேன், எந்தச் சாமிக்கும் போடவில்லை.

மாசி மகத்தன்று மைதானம் கொள்ளாத கூட்டம். தலையில் தீர்த்தச் செம்பும் கையில் பிள்ளையுமாக வந்து, கல்தொட்டியில் காசு போட்டுத் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். மாயவன் வழிகாட்டியதில் ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை. பிறகு மேளம் கேட்டது. கிருஷ்ணப்பர் தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, நடுவில் ஒரு செப்புக் காசோடு வந்தார். கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த படியில் ஏறினார். நான் மறுபக்கத்துப் படியில் ஏறினேன்.

"தலைவரே, காசுக்கு வெளிய தொட்டி இருக்குதுங்க."

"ஊரு ஜனம் போடற தொட்டியில நான் போடறதா? தெறப்பு எங்க நடக்குதோ அங்கதான் போடணும்."

"இதுல போட்டா உசுரு போயிரும். களிம்பு."

"போனா யாரு கையால போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. களிம்பு எது, தீர்த்தம் எது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எது செத்தாலும் சரி, நான் போக வேண்டும்.

குங்குமம் இரண்டு விரலில், காசு மற்ற இரண்டு விரலில். அந்த ஓட்டைக்கு நேராகக் கையை நீட்டினார். நான் என் இரண்டு கையையும் அந்த ஓட்டையின் மேல் விரித்து வைத்தேன்.

"கையை எடு."

"எடுக்க மாட்டேங்க."

"எடுன்னு சொல்றேன்."

"எடுக்கணும்னா நீங்களே புடிச்சு எடுத்து உடுங்க" என்றேன். இதைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். மேளம் நின்றுவிட்டது.

அவர் கை என் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. தொட்டால் தீட்டு. மாசி மகத்தன்று, தீர்த்தமாடிவிட்டு வந்த உடம்போடு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில், தாலி அறுத்தவள் கையைத் தொட்டுத் தள்ள வேண்டும். அவர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் கூரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் என்னைக் கல்யாண வீட்டு வாசலிலும் கோயில் நடையிலும் தள்ளி நிறுத்திய அதே தீட்டு இன்றைக்கு அவரைத் தள்ளி நிறுத்தியது.

கோபத்தில் அவர் கையை உதறினார். காசு என் உள்ளங்கையில் விழுந்தது, குங்குமமும் கொட்டியது. நான் கையை நகர்த்தவில்லை.

"அஞ்சும் உசுரோட இருக்குதுங்க. எண்ணிப் பாத்துக்குங்க" என்றேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை இடுப்புப் பிள்ளைக்குக் காட்டி எண்ண ஆரம்பித்தாள். அவளோடு பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூணு மீனு, ரெண்டு நண்டு. அன்றைக்குப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்த கமிட்டிக்காரர், "அஞ்சும் இருக்குதுங்க தலைவரே, நீங்க சொன்ன பேச்சு" என்றார் சத்தமாக. கிருஷ்ணப்பர் படியிறங்கினார். மேளக்காரர்கள் அவர் பின்னால் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். நான் அவர் மைதானத்தைத் தாண்டும் வரைக்கும் ஓட்டையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு காசை மாயவனிடம் கொடுத்து வெளியே போடச் சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். குங்குமக் கறை உள்ளங்கையில் முழுசாகப் போகவில்லை, நானும் பாடுபட்டுத் தேய்க்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முதல் வரிசையில் கிருஷ்ணப்பரின் மகள் வயிற்றுப் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் சிலேட்டை வாங்கி, அந்தக் கையால் 'கடல்' என்று எழுதிக் கொடுத்தேன்.